அரவம் என்று பெயர் வைத்த மந்திரம்

ஹரிக்கு நைனா எழுதுவது.

போன வியாழக்கிழமை காலையில் நான் உனக்குப் போன் செய்தபோது நீ ஆபீஸ் பஸ்ஸில் இருந்தாய். எடுத்தவுடனே, "இன்னா நைனா, மாத்திரை தீந்துடுச்சா?" என்று கேட்டாய். நான் "ஆமாம்பா" என்று சொல்லிவிட்டேன். மறுநாள் மதியத்துக்குள் மாத்திரை டப்பா வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. உண்மையில் மாத்திரை தீரவில்லை, இன்னும் இருபது நாளைக்கு இருந்தது. வேறு ஒன்றைச் சொல்லத்தான் போன் செய்தேன். நீ அப்படிக் கேட்டதும் அதைப் பிடித்துக்கொண்டு தப்பித்துக்கொண்டேன். நாம் இரண்டு பேரும் பல வருஷமாக இப்படித்தான் பேசிக்கொள்கிறோம். மாத்திரை, கேஸ் சிலிண்டர், உங்கம்மாவின் முட்டி வலி, இப்போது ஒரு மாதமாகக் கல்யாண மண்டபம். எதிலும் சண்டை இல்லை, எதிலும் குறை இல்லை. ஆனால் நீ என்னிடம் எதையும் சொல்வதில்லை என்பது எனக்குத் தெரியும். அது எந்த நாளிலிருந்து என்பதும் தெரியும். வாயால் சொல்ல வராததை எழுதிப் பார்க்கிறேன். எழுதுவதுதானே என் பிழைப்பு.

நான் நகரி சப்ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து பத்திரம் எழுத ஆரம்பித்து முப்பத்தி நாலு வருஷமாகிறது. பாலசமுத்திரத்தில் தமிழ் மட்டுமே பேசுகிற, நிலத்தைத் தவிர வேறு எதையும் பார்க்காத வீட்டில் பிறந்தவன் நான். தெலுங்கு எழுத்தை ராத்திரி பகல் பாராமல் எழுதி எழுதிக் கற்றுக்கொண்டேன். என் தெலுங்குக் கையெழுத்தைப் பார்த்து அதிகாரிகளே நன்றாக இருக்கிறது என்பார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. அதனால்தான் நீ பத்தாவது வரை தமிழ் மீடியத்தில் படித்து முடித்ததும், உங்கம்மா திருத்தணிப் பக்கம் சேர்க்கலாம் என்று சொன்னதைக் கேட்காமல், திருப்பதியில் ஹாஸ்டலோடு இருக்கிற ஜூனியர் காலேஜில் கொண்டுபோய்ச் சேர்த்தேன். "ஆந்திராவுல இருந்துக்கினு தெலுங்கு தெரியலன்னா நாளைக்கு ஒரு ஆபீஸுக்குள்ள நுழைய முடியாது" என்று சொன்னேன். அது தப்பான பேச்சு என்று இன்றைக்கும் நான் நினைக்கவில்லை. ஆனால் சேர்த்துவிட்ட பிறகு அங்கே நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டேனா? மார்க்கைத்தான் கேட்டேன். லீவுக்கு வந்தபோதெல்லாம் நீ வாயைத் திறப்பதே குறைந்துகொண்டு வந்தது. பையன் பொறுப்பாகிவிட்டான் என்று நான் சந்தோஷப்பட்டேன்.

இரண்டாம் வருஷம் பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது வார்டனிடமிருந்து போன் வந்தது. உடனே வரச் சொன்னார். புத்தூர் வழியாக பஸ் பிடித்து நான் போய்ச் சேர்ந்தபோது அவர் அறையில் நாலு பிள்ளைகளின் அப்பாக்கள் நின்றுகொண்டிருந்தார்கள். நீ சுவரோரம் நின்றாய். மேஜை மேல் நீலக்கலர் அட்டை போட்ட நீளமான நோட்டு ஒன்று இருந்தது. அதில் நீ ஏதோ ஒரு யுத்தத்தைப் பற்றி எழுதியிருக்கிறாய் என்றும், உன் வகுப்புப் பிள்ளைகளின் பெயர்களைக் கொஞ்சம் மாற்றி எதிரிப் படையில் போட்டிருக்கிறாய் என்றும், ஒரு மந்திரத்தைச் சொன்னால் அத்தனை பேருடைய வாயும் அடைத்துப்போகும் என்று எழுதியிருக்கிறாய் என்றும் சொன்னார்கள். நோட்டு தமிழில் இருந்ததால் அவர்களில் ஒருவரும் படிக்கவில்லை. உன் ரூமில் இருந்த பிச்சாட்டூர்ப் பையன் ஒரே ஒரு பக்கத்தைப் படித்துத் தெலுங்கில் சொல்லியிருக்கிறான். வாயை அடைப்பது என்றால் கொல்வது என்று அந்த அப்பாக்கள் எடுத்துக்கொண்டார்கள். காலம் அப்படி, பிள்ளைகளைப் பற்றி ஏதேதோ கேள்விப்படுகிறோம், அவர்கள் பயந்ததில் தப்பில்லை. டி.சி. கொடுத்து அனுப்ப வேண்டும் என்று ஒருவர் பிடிவாதமாக நின்றார்.

இதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் உன்னிடம் சொல்லவேண்டும். நீ பார்த்துக்கொண்டுதான் நின்றாய், ஆனாலும் நான் என் வாயால் சொன்னதாக இருக்கட்டும். வார்டன் அந்த நோட்டை எடுத்து என் கையில் கொடுத்தார். "மீரு சதவண்டி. இந்துலோ ஏமுந்தோ மீரே செப்பண்டி" என்றார். நீங்களே படியுங்கள், இதில் என்ன இருக்கிறது என்று நீங்களே சொல்லுங்கள் என்று கேட்டார். அந்த அறையில் இருந்த பெரியவர்களில் தமிழ் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். நான் அட்டையைக்கூடத் திறக்கவில்லை. "தப்பே சார், க்ஷமிஞ்சண்டி" என்று மன்னிப்புக் கேட்டு நோட்டைத் திருப்பி மேஜையில் வைத்துவிட்டேன். அப்புறம் வெளியே மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து தெலுங்கில் மன்னிப்புக் கடிதம் எழுதினேன். பத்திரம் எழுதுகிற கை அல்லவா, சுயபுத்தியோடு எவருடைய வற்புறுத்தலும் இல்லாமல் எழுதிக் கொடுப்பது என்று ஆரம்பித்து, நீ செய்யாததையெல்லாம் செய்ததாக ஒத்துக்கொண்டு, ஓட்டையே இல்லாமல் எழுதி முடித்தேன். கையெழுத்துப் போடச் சொல்லி உன்னிடம் நீட்டினேன்.

நீ பேனாவை வாங்கிக்கொண்டு, "நைனா, நீ அத படிச்சியா?" என்று கேட்டாய்.

"படிக்கறதுக்கு இன்னா இருக்குது. போடு கையெழுத்து" என்றேன்.

நீ போட்டாய். அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. வகுப்பில் எல்லார் முன்னாலும் அதை நீ படிக்கவேண்டும் என்றார்கள். நானும் வார்டனும் கதவருகில் நின்றோம். நீ படிக்க ஆரம்பித்தாய். நான் போட்டிருந்த கனமான வார்த்தைகள் உன் வாயில் வரவில்லை. ஒவ்வொன்றும் தமிழ் உச்சரிப்பிலேயே வந்தது. மூன்றாவது வரியில் பின் பெஞ்சில் ஒருவன் சிரித்தான். அப்புறம் வகுப்பே சிரித்தது. வார்டனுக்கும் உதட்டில் சிரிப்பு வந்தது. அவர் என்னைப் பார்த்தார். நானும் சிரித்தேன், ஹரி. அவர் சிரிக்கிறாரே என்று சிரித்தேன். அந்தச் சமயம் நீ பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாய். பிறகு கீழே குனிந்து மீதியைப் படித்து முடித்தாய்.

திரும்பி வரும்போது பஸ் ஸ்டாண்டு வரை நீ வந்தாய். "நோட்டு எங்க?" என்று மட்டும் கேட்டாய். "கொளுத்திட்டேன்" என்றேன். கொளுத்தச் சொல்லித்தான் வார்டன் என்னிடம் கொடுத்திருந்தார், ஆனால் நான் கொளுத்தவில்லை. உன் மேல் இருந்த பாசத்தால் வைத்திருந்தேன் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும், ஆனால் அது பொய். எழுதின காகிதத்தை அழிக்கக்கூடாது என்பது எங்கள் தொழிலில் ஊறிப்போன பழக்கம். அதனால் இரும்புப் பெட்டியில் பழைய பத்திர நகல்களுக்கு அடியில் போட்டுவிட்டு மறந்துபோனேன். நீ பாஸ் செய்தாய், இன்ஜினியரிங் முடித்தாய், பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்தாய். இப்போது உன் தெலுங்கைக் கேட்டால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. பார்க்கிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன். நீ ஒரு வரிகூடப் பிறகு எழுதவில்லை என்பதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

கண் ஆபரேஷன் முடிந்து இரண்டு வாரம் வேலைக்குப் போகக்கூடாது என்று டாக்டர் சொன்னாரே, அப்போது வீட்டில் சும்மா இருக்க முடியாமல் பெட்டியைக் கிளறினேன். நோட்டு கிடைத்தது. புதுக் கண்ணில் எழுத்து பளிச்சென்று தெரிந்தது. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, காலை டிபனுக்குப் பிறகு ஆரம்பித்தவன் உங்கம்மா சோறு துன்ன கூப்பிடும்போதுதான் தலை நிமிர்ந்தேன். எரிகோட்டை என்று ஒரு ராஜ்ஜியம், பாலிந்தம் என்று ஒரு ராஜ்ஜியம், இரண்டுக்கும் நடுவில் புல்லே முளைக்காத உப்புவெளி. எல்லையில் ஒரு கிராமம். அங்கே இரண்டு ராஜ்ஜியத்துப் பேச்சும் தெரிந்த தோரன் என்கிற பையன். இந்தப் பக்கம் போனால் அந்தப் பக்கத்தான் என்பார்கள், அந்தப் பக்கம் போனால் இந்தப் பக்கத்தான் என்பார்கள். படையில் கொம்பு ஊதுவதற்கு அவனைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். அவனிடம்தான் மந்திரம் இருக்கிறது. மந்திரத்தின் பெயர் அரவம்.

அந்தப் பெயரைப் பார்த்ததும் நோட்டை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டேன். "ஒரேய் அரவோடா" என்றுதானே உன்னை அங்கே கூப்பிட்டிருப்பார்கள். என்னையும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். பக்க ஓரத்தில் நீ சின்னதாக எழுதி வைத்திருந்தாய்: "தெலுங்கில் அரவம் என்றால் தமிழ். தமிழில் அரவம் என்றால் சத்தம்." உன்னைக் குத்திய வார்த்தையை எடுத்து நீ மந்திரமாகச் செய்திருக்கிறாய். பதினேழு வயதில் அப்படி ஒரு யோசனை எனக்கு வந்திருக்காது, இந்த வயதிலும் வராது.

மந்திரம் எதுவரை செல்லும் என்பதற்கு நீ எழுதியிருந்ததைப் பார். கிழக்கே உப்பு ஏரி, மேற்கே உடைந்த கோபுரம், வடக்கே எரிகோட்டைப் படையின் கடைசிக் குதிரை, தெற்கே பாலிந்தத்துப் படையின் கடைசிக் குதிரை, இந்த நான்கு எல்லைக்கு உட்பட்ட இடம் முழுவதும். அது நிலத்தின் நாலு எல்லையைச் சொல்ல என் பத்திரத்தில் வருகிற செக்குபந்தி அல்லவா. லீவில் என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதும்போது, நீ காது கொடுத்துக் கேட்டிருக்கிறாய். எனக்கு அது தெரியவே தெரியாது. நட்டுவைத்த ஈட்டியின் நிழல் ஒரு முழம் நகரும் வரை மந்திரம் நிற்கும் என்று காலமும் குறித்திருந்தாய்.

தோரன் அதைச் சொல்கிறான். உப்புவெளியில் சத்தமே இல்லாமல் போகிறது. முரசை அடிக்கிறார்கள், கேட்கவில்லை. சேனாதிபதிகள் வெட்டு வெட்டு என்று கத்துகிறார்கள், ஒருத்தன் காதிலும் விழவில்லை. கட்டளை வராததால் ஓங்கின கத்தியோடு எல்லாரும் அப்படியே நிற்கிறார்கள். என்ன செய்வது என்று தெரியாமல், எதிரில் நிற்கிறவனின் முகத்தைப் பார்க்கிறார்கள். அதுவரைக்கும் ஒருத்தரும் பார்த்ததில்லை. வம்சகன் என்கிறவன், அது உன் வகுப்பு வம்சிதானே, தன் எதிரில் நிற்கிறவனுக்கு மூக்கு ஒழுகுவதைப் பார்த்துத் தன் தலைப்பாகையை அவிழ்த்துக் கொடுக்கிறான். அந்த இடத்தில் நான் சிரித்துவிட்டேன். அடுத்த பக்கத்தில் நீ சட்டம் போட்டு எழுதியிருந்தாய்: "இந்த மந்திரத்தால் யாரும் சாகக்கூடாது. ஒரு குதிரைகூட." அதற்குக் கீழே, மந்திரத்தைச் சொன்னவனின் குரல் மட்டும் திரும்பி வராது என்று இருந்தது.

யாரும் சாகக்கூடாது. அந்த ஒரு வரியை அன்றைக்கு அந்த அறையில் நான் படித்துத் தெலுங்கில் சொல்லியிருந்தால் போதும். நாலு அப்பாக்களும் வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

மனசு கேட்கவில்லை. ஆபரேஷன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, உங்கம்மாவிடம் செக்கப் என்று சொல்லிவிட்டு, திருப்பதிக்கு பஸ் ஏறினேன். அந்தக் கடிதத்தைத் திரும்ப வாங்கிவிடலாம் என்று ஒரு நினைப்பு. காலேஜ் இருந்த கட்டடத்தில் இப்போது வேறு ஏதோ இருக்கிறது. எதிரில் டீக்கடைக்காரர் வார்டனின் வீட்டைச் சொன்னார். ரிடையர் ஆகி மகள் வீட்டு மாடியில் இருக்கிறார். ஆள் பாதியாக இளைத்துப்போயிருந்தார். என்னை அவருக்குச் சுத்தமாக ஞாபகமில்லை. நடந்ததைச் சொன்னேன். "அதெல்லாம் எப்பவோ குப்பைக்குப் போயிருக்கும்" என்று தெலுங்கில் சொன்னார். எழுந்து வந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன், ஆனால் பையிலிருந்து நோட்டை எடுத்தேன். "சார், அன்றைக்கு நீங்கள் படிக்கச் சொன்னீர்கள். நான் படிக்கவில்லை. இப்போது படிக்கட்டுமா?" என்று கேட்டேன்.

மூன்று மணி நேரம் படித்தேன். தமிழில் பார்த்து எனக்கு வந்த தெலுங்கில் சொன்னேன். யாரும் சாகக்கூடாது என்கிற அந்தச் சட்டம் வந்தபோது இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். முடித்ததும், "எனக்கும் அன்றைக்குப் பயம்தான். நாலு பேர் வந்து மேஜையைத் தட்டினார்கள். அப்பாவே தப்பு என்று சொல்லிவிட்டார், இனி நான் என்ன யோசிப்பது என்று விட்டுவிட்டேன்" என்றார். நோட்டைப் பார்த்தபடி, "தர்வாத்த ஏமைந்தி?" என்று கேட்டார். அப்புறம் என்ன ஆயிற்று, அந்தப் பையனுக்குக் குரல் வந்ததா என்று கேட்கிறார். நோட்டு அந்த இடத்தோடு நிற்கிறது சார், மீதி என் மகனுக்குத்தான் தெரியும் என்றேன். "அடிகி செப்பண்டி" என்றார். கேட்டுவிட்டுச் சொல்லுங்கள் என்று மாடிப்படி வரைக்கும் வந்து சொன்னார்.

நீ கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாய். கீர்த்தனா நல்ல பெண், மனசில் இருப்பதைப் பேசுகிறவள். உங்களுக்குப் பிள்ளைகள் பிறக்கும். உனக்குப் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை என்றாலும் ஒன்றைச் சொல்கிறேன். உன் பிள்ளையைப் பற்றி யாராவது உன்னிடம் ஒரு காகிதத்தைக் கொடுத்தால், கொடுத்தவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், அங்கேயே நின்று கடைசி வரி வரைக்கும் படி. அவர்கள் காத்திருக்கட்டும். நேரமாகிறது என்று முகம் சுளித்தாலும் காத்திருக்கட்டும். பிள்ளையின் முகத்தை விட்டுவிட்டு மற்றவர்கள் முகத்தைப் பார்த்து நடந்துகொண்டவன் நான். நல்ல அப்பாவாகத்தான் நடந்துகொள்கிறோம் என்று நினைத்துக்கொண்டே அதைச் செய்தேன். டி.சி. வாங்காமல் காப்பாற்றிவிட்டேன் என்றுகூடப் பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை போனில் உன்னிடம் சொல்ல முடியாமல் போனதும், யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று செவ்வாய்க்கிழமை காலையில் உங்கம்மாவிடம் சொன்னேன். அவள் முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தாள். வகுப்பில் நான் சிரித்ததையும் சொன்னேன். அவள் கீரையிலிருந்து கையை எடுக்கவில்லை.

"எனக்குத் தெரியும். அவன் அந்தத் தடவை லீவுக்கு வந்தப்பவே சொல்லிட்டான்" என்றாள்.

"இன்னான்னு சொன்னான்?"

"நைனா சிரிச்சாரும்மான்னான். எனக்கு வந்துச்சு பாரு ஆத்திரம், இரு கேக்கறேன்னு எழுந்தேன். அவன்தான் கையப் புடிச்சுக்கினான். உடும்மா, நைனாவுக்கும் அங்க பயமா இருந்துச்சு, அவரு எழுதறதுதான் நல்ல தெலுங்கு, பேசனா நம்மள மாதிரிதான் வரும், அவரப் பாத்தும் சிரிச்சுடுவாங்கன்னுதான் அவரு முந்திக்கினு சிரிச்சாரு, பாவம்மா அவருன்னான்."

"இத்தன வருஷமா ஏன் எங்கிட்ட சொல்லல?"

"அவன்தான் சொல்லாதன்னான். நீங்க தாங்க மாட்டீங்களாம்."

அவள் கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு நான் ஏன் சிரித்தேன் என்று எனக்கே தெரியாமல் இருந்தது, ஹரி. வார்டனைக் குளிரவைக்க என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீ சொன்னதுதான் சரி. முப்பத்தி நாலு வருஷமாக நான் அதிகாரிகள் முன்னால் காகிதத்தை நீட்டிவிட்டுப் பேசாமல் நிற்பதும் அதனால்தான். வகுப்பே உன்னைப் பார்த்துச் சிரித்தபோது, உன் அப்பாவும் சேர்ந்து சிரித்தபோது, நீ என்னைத்தான் படித்துக்கொண்டிருந்திருக்கிறாய். படித்ததை உன் அம்மாவைத் தவிர யாரிடமும் சொல்லாமல் என்னைக் காப்பாற்றியும் இருக்கிறாய்.

நோட்டை இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன். உன்னிடம் பொய் சொன்னதற்கும் சேர்த்து என்னை மன்னித்துவிடு. இன்னொரு விஷயம். சித்தூர் ரிசப்ஷனில் மேடையேறி மாப்பிள்ளையைப் பற்றி அப்பா நாலு வார்த்தை தெலுங்கில் பேசவேண்டும் என்று சம்பந்தி கேட்டிருந்தார். எனக்குத் தொண்டை சரியில்லை, உன் சின்ன மாமா பேசுவார் என்று சொல்லியிருந்தேன். நேற்று அவருக்குப் போன் செய்து நானே பேசுகிறேன் என்று சொல்லிவிட்டேன். எழுதி வைத்துக்கொண்டு படிக்கப் போவதில்லை. எனக்கு வருகிற தெலுங்கில் பேசப்போகிறேன், சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். படிக்கிற நாளிலேயே நீ ஒரு யுத்தத்தை ஒரு உயிர் போகாமல் நிறுத்தினவன் என்று அவர்களிடம் சொல்ல எனக்கு ஆசையாக இருக்கிறது. ஆனால் அது உன்னுடையது. சொல்லலாம் என்று நீ சொன்னால் சொல்கிறேன், வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறேன்.

நைனா